மசக்கைக்குக் கடையில் கிடைப்பவை: எதை வாங்கலாம், எந்த நேரத்தில் கொடுக்கலாம்

வீட்டில் மசக்கை என்று கடைக்காரரிடம் சொன்னால் போதும், மேஜை மேல் வரிசையாக எடுத்து வைத்துவிடுவார். வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இஞ்சி மிட்டாய், மணிக்கட்டில் மாட்டும் பட்டை, கர்ப்பிணிகளுக்கான சத்துப் பவுடர் டப்பா. வாங்கியதில் பாதி பிரிக்காமலே கிடக்கும். "எதுவும் கேட்கலை" என்று மசக்கையில் இருப்பவள் மறுபடியும் சுருண்டு படுத்துக்கொள்வாள். இவற்றில் சில உண்மையாகவே கேட்பவைதான். பெரும்பாலான வீடுகளில் கொடுக்கிற நேரம் தப்பிப்போவதால்தான் வீணாகின்றன. ஆகவே பொருள் எப்படி என்பதோடு, எப்போது, எவ்வளவு, எப்படிக் கொடுத்தால் கேட்கும் என்பதையும் சேர்த்தே இங்கே பார்க்கலாம்.

முதலில் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஐந்தாறு வாரத்தில் குமட்டல் ஆரம்பிக்கும். ஒன்பது, பத்து வாரத்தில் உச்சம். பலருக்கு 14 முதல் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு இருபது வாரம் வரை இழுக்கும். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. 'மார்னிங் சிக்னஸ்' என்ற ஆங்கிலப் பெயர் காலை நேரத்தோடு ஒட்டியிருப்பதால், மத்தியானமும் ராத்திரியும் ஓங்கரிக்கிறவர்கள் தங்களுக்கு வேறு ஏதோ கோளாறு என்று பயப்படுகிறார்கள். மசக்கை என்ற நம் சொல்லில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. நாள் முழுக்க இருப்பதும் இயல்புதான்.

காரணத்தில் பெரிய தெளிவு 2023-இல் கிடைத்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் யாருடைய உடலில் அது குறைவாக இருந்ததோ, அவர்கள் இந்தத் திடீர் ஏற்றத்தைத் தாங்க முடியாமல் அதிகம் அவதிப்படுகிறார்கள். "மனசைத் திடமா வச்சுக்கோ, சரியாயிடும்" என்று சொல்கிற மாமியாரும் அம்மாவும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. திடமான மனசுக்காரிக்கும் வாந்தி வரும்.

டாக்ஸிலமின், பி6 மாத்திரை

மசக்கைக்கு என்றே ஆராய்ந்து செய்யப்பட்ட மருந்துகளில் முதலிடம் இதற்குத்தான். டாக்ஸிலமின் 10 மி.கி., பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் பி6 10 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். இந்தியாவில் டாக்சினேட் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். வேறு பிராண்டுகளும் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1956-இல் பெண்டெக்டின் என்ற பெயரில் வந்தது. குழந்தைக்குக் குறைபாடு வரும் என்று குவிந்த வழக்குகளின் சுமை தாங்காமல் 1983-இல் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. 2013-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதே கலவைக்கு வேறு பெயரில் மீண்டும் அனுமதி கொடுத்தது. கர்ப்பத்தில் இவ்வளவு அலசி ஆராயப்பட்ட மருந்து வேறொன்றைச் சொல்வது கஷ்டம். "மூணு மாசத்துக்குள்ள எந்த மாத்திரையும் ஆகாது" என்று ஒதுக்கிவிட்டுச் சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் கிடப்பதில்தான் ஆபத்து அதிகம்.

இந்த மாத்திரை மெதுவாக வேலை செய்யும்படி செய்யப்பட்டது. மேலே ஒரு பூச்சு இருக்கிறது. வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போன பிறகுதான் கரையும். ரத்தத்தில் மருந்து முழு அளவை எட்ட ஆறேழு மணி நேரம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு வாந்தி எடுத்துவிட்டு ஏழேகாலுக்கு ஒரு மாத்திரை போட்டால் அது மத்தியானத்துக்குத்தான் உதவும், அதுவும் வெளியே வராமல் இருந்தால். காலைக் குமட்டலுக்கான மாத்திரை முந்தின ராத்திரியே உள்ளே போயிருக்க வேண்டும்.

வழக்கமான ஆரம்ப அளவு, படுக்கப் போகும்போது இரண்டு மாத்திரை. இரண்டு நாள் பார்த்தும் மத்தியானம் குமட்டல் மிஞ்சியிருந்தால், மூன்றாம் நாளிலிருந்து காலையில் ஒன்று சேர்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிற்பகலில் இன்னொன்று. ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகக் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும்; சாப்பாட்டோடு போட்டால் இன்னும் தாமதமாகும். கடிக்கவோ பொடிக்கவோ பாதியாக உடைக்கவோ கூடாது, பூச்சு போய்விட்டால் அந்த மாத்திரையின் சூத்திரமே போய்விடும். வாந்தி வந்தால் மட்டும் போடுவது, நின்றதும் நிறுத்துவது என்று விட்டுவிட்டுப் போட்டால் பலன் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொன்னபடி படிப்படியாக.

குறை என்று பார்த்தால் தூக்கம். டாக்ஸிலமின் தூக்கம் வரவழைக்கும் வகை மருந்து. ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் முதல் சில நாளைக்கு வண்டியைத் தொடவே வேண்டாம். ஆஸ்துமா, கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னொன்று, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சில பிராண்டுகளில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது, சிலவற்றில் ஒவ்வொரு மருந்தும் 20 மி.கி. இருக்கிறது. கடையில் "இது இல்லை, அதே மருந்துதான்" என்று மாற்றிக் கொடுத்தால் இந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா, குடலில் கரையும் பூச்சு உள்ளதா என்று பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 20 மி.கி. மாத்திரையை 10 என்று நினைத்து நான்கு போட்டுவிடக் கூடாது.

தூக்கம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வைட்டமின் பி6 மட்டும் 10 முதல் 25 மி.கி. வரை, நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுப்பதும் உண்டு. மிதமான குமட்டல் அதிலேயே குறையலாம். வாந்தியை அது அவ்வளவாக நிறுத்தாது.

கேட்டால் உடனே கிடைக்கிற இன்னொரு மாத்திரை ஒண்டான்செட்ரான். நாக்கில் வைத்தால் கரைகிற வகையும் உண்டு. வேகமாகக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் முதல் தேர்வாக இதைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் கர்ப்பங்களைப் பார்த்து 2018-இல் வெளியான ஆய்வில், உதடு, அண்ணப் பிளவு பத்தாயிரம் பிறப்புக்கு மூன்று கூடுதலாக இருந்தது. சின்ன எண்தான். வாந்தி மிக மோசமாக இருக்கும்போது மருத்துவர் எடைபோட்டு எழுதிக் கொடுக்கலாம். நாமாகக் கடையில் கேட்டு வாங்குகிற பொருள் இது இல்லை. மலச்சிக்கலும் கடுமையாக வரும், அதுவே பிறகு குமட்டலைக் கூட்டும்.

இஞ்சி: மரப்பா, சுக்குக் காப்பி, சோடா

இஞ்சிக்கு ஆய்வு ஆதரவு இருக்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் கொடுத்தது நாளைக்கு 1 கிராம் காய்ந்த இஞ்சிப் பொடி, 250 மி.கி. வீதம் நான்கு வேளை. அதாவது சுக்குப் பொடி ஏறக்குறைய அரை டீஸ்பூன், ஒரு நாள் முழுவதற்கும். குமட்டலைக் குறைக்கிறது, வாந்தியின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு கடைச் சரக்கைப் பார்த்தால் எது தேறும் என்று தெரிந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டில் விற்கிற இஞ்சி மரப்பாவில் பெரும்பங்கு வெல்லமும் சர்க்கரையும்தான். எவ்வளவு இஞ்சி என்று யாரும் அச்சடிப்பதில்லை. நாக்கில் சுறுக்கென்று காரம் ஏறினால்தான் இஞ்சி இருக்கிறது. பயணத்தில் வாயில் அடக்கிக்கொள்ள ஒன்றிரண்டு துண்டு நல்ல துணை. அதற்குமேல் சர்க்கரைதான் சேரும். இஞ்சி சோடாவில் பெரும்பாலும் வாசனை மட்டும். அதன் வாயு வயிற்றை உப்பவைத்து எதுக்களிக்க வைக்கும்.

சுக்குமல்லிக் காப்பிப் பொடி வாங்கும்போது பின்பக்கத்தில் மிளகும் திப்பிலியும் இருக்கிறதா என்று பாருங்கள். சளிக்கு அவை நல்லவை. மசக்கையில் காலி வயிற்றில் இறங்கினால் நெஞ்சு எரியும், எரிச்சலோடு குமட்டலும் வரும். வீட்டிலேயே செய்வது இதைவிட மேல். "சுக்குக்குப் புறநஞ்சு" என்பார்கள். மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வெயிலில் ஒருமுறை காயவைத்து, இடித்துச் சலித்து வைத்துக்கொள்ளலாம். கால் டீஸ்பூன் பொடி, ஒரு டீஸ்பூன் இடித்த மல்லி, ஒன்றரை டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, கொஞ்சம் பனைவெல்லம். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் ஆவியின் வாசனையே சிலருக்குப் புரட்டும். ஆறவிட்டு, மூடி போட்ட டம்ளரில் உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கக் கொடுங்கள். இரண்டு வேளையாகப் பிரித்துக் குடித்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இஞ்சியை மருந்தளவில் எடுக்கும்முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணிக்கட்டுப் பட்டை

சீ-பேண்ட் போன்ற பெயர்களில் ஆன்லைனில் கிடைக்கிறது. எலாஸ்டிக் துணிப் பட்டை, உட்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குமிழ். அது பி6 என்ற அழுத்தப் புள்ளியை அமுக்கிக்கொண்டே இருக்கும். (வைட்டமின் பி6-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.) ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலருக்கு நன்றாகத் தெரிகிறது, பலருக்கு ஒன்றுமில்லை. மருந்து உள்ளே போகாததால் குழந்தைக்குக் கெடுதல் கிடையாது. ஒருமுறை வாங்கினால் துவைத்துத் துவைத்துப் போடலாம். லேசான குமட்டலுக்கும் பஸ், கார் பயணத்துக்கும் வாங்கிப் பார்க்கலாம் என்பதே எங்கள் தீர்ப்பு. தண்ணீர்கூடத் தங்காத நிலையில் இதை நம்பி நாள் கடத்தக் கூடாது.

பெரும்பாலானோர் தப்பாக மாட்டுகிறார்கள், வாட்ச் மாதிரி. குமிழ் மணிக்கட்டு எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும், வலிதான் மிச்சம். சரியான இடம் இப்படி: உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டின் மடிப்பு ரேகைக்கு மேல், முழங்கைப் பக்கமாக, மற்றொரு கையின் மூன்று விரல்களைச் சேர்த்துக் குறுக்காக வையுங்கள். மோதிர விரல் ரேகையை ஒட்டி இருக்கட்டும். ஆள்காட்டி விரல் முடிகிற இடத்தில், கையை லேசாக மடக்கினால் எழும்பித் தெரியும் இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். குமிழ் அங்கே இருக்க வேண்டும். அளக்க வேண்டியது அவளுடைய விரல்களால். கணவர் விரலை வைத்தால் புள்ளி மேலே போய்விடும். இரண்டு கையிலும் மாட்டி, காலையில் எழுவதற்கு முன்பே போட்டிருப்பது நல்லது. விரல் மரத்துப்போனாலோ கை வீங்கினாலோ கழற்றிவிடுங்கள்.

ஓ.ஆர்.எஸ்.

இதில் நடக்கிற தப்புதான் ரொம்பவும் வருத்தம் தருவது, ஏனென்றால் பொருள் அருமையானது, விலையும் மலிவு. எலெக்ட்ரால் மாதிரியான பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். உப்பு தூக்கலாகி, குடித்த மறுநிமிடம் வெளியே வருகிறது. ஒரு லிட்டர் வேண்டாமென்றால் 200 மி.லி.க்கு உள்ள சின்னப் பொட்டலம் வாங்குங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கொடுக்கும் விதம் முக்கியம். வாந்தி எடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றும் கொடுக்காதீர்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் மணிக்கு 150 மி.லி. உள்ளே போய்விடும். டம்ளரோடு மடக்மடக்கென்று குடித்தால் வயிறு விரிந்து அப்படியே திரும்பிவிடும். சுவை பிடிக்காதவர்களுக்கு ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டியாக வாயில் போட்டுக் கரைய விடச் சொல்லுங்கள். குளிர்ச்சியில் வாசனையும் சுவையும் மங்கிவிடுவதால் இது பலருக்குத் தங்குகிறது.

அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். சர்க்கரை அதிகம், உப்புகள் குறைவு. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்தைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. இளநீர் நல்லது, பொட்டாசியம் நிறைய உண்டு. சோடியம் குறைவு என்பதால் வாந்தி அதிகமாக இருக்கும் நாளில் அது மட்டும் போதாது.

மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும்

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். உள்ளே ரஸ்க், உப்பு பிஸ்கட் அல்லது பொரி. ஏலக்காய் வாசனை தூக்கலான ரஸ்க் வேண்டாம், வாசனை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கண் விழித்ததும், படுத்தபடியே இரண்டு துண்டு மென்று, பதினைந்து இருபது நிமிடம் கழித்து மெதுவாக எழுந்திருக்க வேண்டும். கூடவே தண்ணீர் வேண்டாம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அரை மணி இடைவெளி விட்டால் வயிறு தளும்பாது. எழுந்து, பல் விளக்கி, காப்பி குடித்துவிட்டு அதன்பின் ரஸ்க் சாப்பிட்டால் பயனில்லை. அதற்குள் காலி வயிறு தன் வேலையைக் காட்டியிருக்கும். இரவு படுக்கும்முன் ஒரு கைப்பிடி சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ தந்தால் விடியும்வரை தாங்கும்.

நெல்பொரிக் கஞ்சியை இப்போது மறந்துகொண்டு வருகிறோம். கார்த்திகை தீபத்துக்கு மட்டும் வாங்குகிற பொருளாகிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் வருஷம் பூராவும் கிடைக்கும். உமி ஒட்டியிருக்கும், முறத்தில் புடைத்து எடுக்காவிட்டால் தொண்டையில் குத்தி அதுவே ஓங்கரிப்பைக் கிளப்பும். இரண்டு கைப்பிடி பொரி, மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. பத்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டி, உப்புப் போட்டு ஆறவைத்துத் தெளிவை மட்டும் கொடுங்கள். சோறு வடிக்கிற வாசனையைத் தாங்க முடியாதவர்களும் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

சித்த மருந்துகளில் மாதுளை மணப்பாகு இதற்கென்றே உள்ளது. மாதுளம்பழச் சாற்றைச் சர்க்கரையோடு பாகாகக் காய்ச்சி எடுப்பது. இம்ப்காப்ஸ் என்ற மருத்துவர் கூட்டுறவு நிறுவனம், தமிழக அரசின் டாம்ப்கால் ஆகியவற்றின் தயாரிப்புகள் நம்பி வாங்கத் தக்கவை. அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் கேட்டால் அளவும் சொல்லிக் கொடுப்பார்கள். பொதுவாக 5 முதல் 10 மி.லி. வரை தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாக. புளிப்பும் இனிப்புமாக வாய்க் கசப்பை எடுக்கும். குமட்டலைவிட "வாய் விளங்கலை" என்பவர்களுக்கு ரொம்ப ஏற்றது. பாகு என்பதால் சர்க்கரை நிறைய. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் வேண்டாம்.

சத்துப் பவுடர் டப்பாவை நான்காவது மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். பால் வாசமும் இனிப்பும் சேர்ந்து இப்போது இறங்காது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே: குமட்டலைக் கூட்டுகிற முக்கியமான குற்றவாளி அது. அரசுத் திட்டத்திலேயே முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும்தான், இரும்பு மாத்திரை அதற்குப் பிறகு. ரத்தசோகை இல்லாதவர்கள் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

யாரும் சொல்லாத நல்ல கொள்முதல் ஒன்று: குழந்தைகளுக்கான சின்னத் தலை டூத் பிரஷ். பெரிய பிரஷ் கடைவாய்க்குப் போகும்போதே ஓங்கரிப்பு வரும். வாந்தி எடுத்தவுடன் பல் விளக்கவும் கூடாது, அமிலத்தில் இளகிய பல் மேற்பூச்சு தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி கழித்து விளக்கலாம்.

பல்பம், சாம்பல், களிமண் மேல் ஆசை வந்தால் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பொட்டலம் போட்டே விற்கிறார்கள். ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள்) பார்க்கும் பட்டைகளும் வேண்டாம். எவ்வளவு நீர் வற்றியிருக்கிறது என்பதை அவை சரியாகக் காட்டுவதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2024 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. அந்தக் காசில் ஒரு எடை பார்க்கும் மெஷின் வாங்கலாம்.

தெருமுனை கிளினிக்கில் டிரிப்ஸ்

"ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தா தெம்பாயிடும்" என்பது ஊர்ப் பேச்சு. நீர்வற்றிப்போனவர்களுக்கு டிரிப்ஸ் உயிர்காக்கும் சிகிச்சைதான், ஆனால் எதை ஏற்றுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. பல நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்த உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி, மூளை பாதிக்கப்படலாம். தடுமாற்றம், பார்வைக் கோளாறு, குழப்பம் வரும். முறையான சிகிச்சையில் உப்பு நீரான நார்மல் சலைன், தேவைக்கேற்பப் பொட்டாசியம், முன்னதாகவே தயமின் என்ற பி1 ஊசி. பாட்டில் மாட்டும்முன் "தயமின் போட்டாச்சா?" என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்க யாரும் தயங்கக் கூடாது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்காமல், ஸ்கேன் கேட்காமல் நாலாவது தடவையும் பாட்டில் மட்டும் ஏற்றி அனுப்பும் இடத்தை மாற்றிவிடுங்கள். இரட்டைக் குழந்தையிலும், கருவுக்குப் பதில் திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கட்டிகள் வளர்கிற முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் வாந்தி மிகக் கடுமையாக இருக்கலாம், ஸ்கேனில்தான் தெரியும்.

கடைகளை விட்டுவிட்டு நேரே மகப்பேறு மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம், இவற்றில் ஒன்று இருந்தாலும்: 24 மணி நேரமாகத் தண்ணீர் உட்பட எதுவும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை, அல்லது டீ டிகாஷன் நிறத்தில் போகிறது, கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டது (50 கிலோ பெண்ணுக்கு இரண்டரை கிலோ), எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி. ஒன்பது வாரம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்து அதற்கப்புறம் புதிதாக வாந்தி ஆரம்பித்தாலும் மசக்கை என்று விடாமல் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மஞ்சள் காமாலை, தைராய்டு, குடல்வால் என்று வேறு காரணம் இருக்கலாம். போகும்போது மாத்திரை அட்டைகளையும், தினம் பார்த்த எடையைக் குறித்த தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.